ராத்திரி பதினோரு மணிக்குச் சர்க்கரை டப்பா

நெல்லைக்காரி | பிப்ரவரி 3, இரவு 11.48

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாதவர்கள் நடுவில் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

எனக்கு 44 வயது. கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.2 வந்தது. 6.5 தொட்டால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய கட்டம் என்று டாக்டர் விளக்கினார். அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. “இனிப்பை விடுங்க, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார்.

பகலில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் பிறந்தநாள் கேக் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. காபியில் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. ராத்திரிதான் பிரச்சினை. பிள்ளைகள் தூங்கி, அவரும் தூங்கி, மறுநாளைக்குப் பாடக் குறிப்பு எழுதி முடித்துவிட்டு அடுப்பங்கரை விளக்கை அணைக்கப் போவேன். அணைக்க மாட்டேன். பொங்கலுக்கு வாங்கிய அச்சுவெல்லம் மிச்சம் இருந்தால் அது. இல்லாவிட்டால் சர்க்கரை டப்பா. எவர்சில்வர் டப்பா, மூடி ரொம்ப இறுக்கம், சும்மா இழுத்தால் டப்பென்று சத்தம் வரும். சத்தமில்லாமல் திறக்க என் கை தானாகவே பழகியிருக்கிறது. இடது உள்ளங்கையால் மூடியை அழுத்திக்கொண்டு வலது கட்டைவிரலால் ஓரத்தை மெதுவாக நெம்ப வேண்டும். நின்றபடியே மூன்று ஸ்பூன், நான்கு ஸ்பூன். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். பசியும் கிடையாது. ஒன்பது மணிக்குத்தான் நாலு இட்லி சாப்பிட்டிருப்பேன்.

டப்பாவைப் பரணில் வைத்தேன். நாற்காலி போட்டு எடுத்தேன். சர்க்கரையே வாங்காமல் இருந்தேன். மகனுடைய சத்துமாவு டப்பாவுக்குக் கை போனது. நாலைந்து வருஷமாக இப்படித்தான். இதைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

நேர்கோடு | பிப்ரவரி 4, காலை 6.10

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி. இதற்கு மன உறுதி ஒன்றுதான் மருந்து. நான் 2019-ல் ஒரே நாளில் விட்டேன். டீ, பாயசம், கல்யாண வீட்டு ஜாங்கிரி எதையும் அன்றிலிருந்து தொட்டதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மனசு, ஆழ்மனசு என்று காரணம் தேட ஆரம்பித்தால் தினமும் ஒரு காரணம் கிடைக்கும்.

மதுரைமல்லி | பிப்ரவரி 4, காலை 9.32

அக்கா, வெள்ளைச் சர்க்கரைதான் விஷம். அதற்குப் பதிலாகக் கருப்பட்டி ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் மாறிவிட்டோம்.

இரவுப்பணி | பிப்ரவரி 4, பகல் 2.05

நான் நர்ஸ். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் இரவு டூட்டி.

மல்லி, கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறும்போது அது கருப்பட்டியா வெள்ளையா என்று உடம்பு ஆள் பார்க்காது. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று டீ குடித்தாலே அது தீர்ந்துவிடும். வெல்லம், தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாம் அந்த ஆறு ஸ்பூனுக்குள்தான் வரும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு முக்கியமான ஒன்று. நீங்கள் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவராகவோ இன்சுலின் போடுபவராகவோ இருந்து, திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, இனிப்பு கேட்டால் அது மனசு இல்லை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் மன உறுதி காட்ட வேண்டாம்.

நேர்கோடு அண்ணா, நான் தினமும் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். பிறந்து இரண்டு நாளான பிள்ளைக்குக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் முன் நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விடுவோம். பிள்ளை அழுவது குறையும். அளவும் நேரமும் கணக்காக வைத்துச் செய்யும் மருத்துவமுறை இது, வீட்டில் செய்வதில்லை. அந்தப் பிள்ளைக்கு எந்தப் பழக்கமும் கிடையாது, ஆசையும் கிடையாது. ஆனாலும் வலிக்கும்போது இனிப்பு ஆறுதல் தருகிறது. நம் ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டுச் சேனை வைக்கிறார்கள். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது, தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது என்று நாங்கள் தடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் பாட்டிமார் ஏன் அதைச் செய்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. நெல்லைக்காரி அக்கா ராத்திரி செய்வதும் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே வலிக்கிறது என்பதுதான் கேள்வி.

கூழாங்கல் | பிப்ரவரி 4, இரவு 8.40

கல்லூரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். இரவுப்பணி சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன்.

1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களின் துடிப்பை அளந்தார். முதலில் சாறு வாயில் பட்டதும் அந்தச் செல்கள் துடித்தன. சாறு வரும் முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வந்தபோது அவ்வளவாக இல்லை. அதாவது ஏக்கம் இனிப்பை விட்டு நகர்ந்து, இனிப்புக்கு முன்னால் நடப்பதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கு அந்த விளக்கு பதினோரு மணி. அமைதியான வீடு. அடுப்பங்கரை. டப்பாவை மாற்றி மாற்றி வைத்தும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வாரத்துக்கு எதையும் நிறுத்த வேண்டாம். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். கை போகும் முன் ஒரு வரி எழுதுங்கள்: மணி என்ன, உடம்பில் எங்கே என்ன செய்கிறது, சாப்பிடாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டுச் சாப்பிடலாம், தப்பில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பகலில் யோசியுங்கள். இந்த நேரத்தில் இனிப்பு உங்களுக்கு முதன்முதலில் யார் கையிலிருந்து வந்தது?

தோட்டக்காரன் | பிப்ரவரி 5, காலை 7.15

சிறுகுறிஞ்சான் இலை கிடைத்தால் இரண்டை நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் படவிட்டுத் துப்பிவிடுங்கள். அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றே பெயர் உண்டு. அரைமணி நேரத்துக்கு நாக்கில் இனிப்பு தெரியாது. மென்று துப்புவது வேறு, பொடியைத் தினமும் விழுங்குவது வேறு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் பொடி சாப்பிட வேண்டாம், ரத்தத்தில் சர்க்கரை அளவு ரொம்பக் குறைந்துவிடக்கூடும்.

புதியவன்27 | பிப்ரவரி 6, மாலை 5.22

நானும் இதே பிரச்சினைக்கு 4000 ரூபாய் கட்டி ஒரு ‘ஆழ்மன’ ஆடியோ வாங்கினேன். 21 நாள் கேட்டால் ஆழ்மனம் மாறிவிடும் என்றார்கள். 22-வது நாள் ரசமலாய் சாப்பிட்டேன். எனக்குத்தான் ஏதோ கோளாறோ என்று வருத்தமாக இருக்கிறது.

கூழாங்கல் | பிப்ரவரி 6, இரவு 9.01

கோளாறு உங்களிடம் இல்லை தம்பி. 21 நாள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18, ஒருவருக்கு 254. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் எதுவும் வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆழ்மனம் என்று நாம் சொல்வது பூட்டிய அறை ஒன்றும் இல்லை. யோசிக்காமலே கை செய்யும் காரியங்களில் அது தினமும் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நெல்லைக்காரி | பிப்ரவரி 14, இரவு 10.20

பத்து நாளாக எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளித் தோட்டக்காரரிடம் கேட்டு, வேலியோரத்தில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் இலை நாலு வாங்கி வந்தேன். ராத்திரி இரண்டை மென்றேன். கசப்பு. துப்பிவிட்டு டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். தோட்டக்காரன் சொன்னது அப்படியே உண்மை. இனிப்பு துளியும் இல்லை. ஆற்று மணலைப் போட்ட மாதிரி நறநறவென்று இருந்தது.

ஆனால் நான் இரண்டாவது ஸ்பூன் எடுத்தேன். மணல் என்று தெரிந்தே எடுத்தேன். மூன்றாவதும் எடுத்தேன்.

அப்போது ஸ்பூனோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இனிப்புக்காக இல்லை என்றால் வேறு எதற்காக இதைச் செய்கிறேன்? அன்றைக்கு நோட்டில் எழுதிய வரி: “11.05. தொண்டையில் அடைக்கிறது. சாப்பிடாவிட்டால் இன்றைய நாள் முடியாது.” அந்த வரியை நானேதான் எழுதினேன், ஆனால் படித்தபோது புதிதாக இருந்தது.

கூழாங்கல் கேட்ட கேள்விக்குப் பதில் மறுநாள் பஸ்ஸில் வந்தது. அப்பா பஸ் கண்டக்டர். திருநெல்வேலி–தென்காசி. கடைசி சிங்கிள் முடித்து, கணக்கை டெப்போவில் கட்டிவிட்டு வீட்டுக்கு வரப் பதினோரு மணி ஆகும். பேட்டா கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்த நாளில் சாயங்காலமே டவுனில் அல்வா வாங்கிப் பையில் வைத்திருப்பார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். பாயருகே குனிந்து, “ஏளா, வாயைத் தொற. சத்தம் போடாத, தம்பி எந்திச்சிருவான்” என்பார். ஆறிப்போன அல்வா, வாழையிலை மணத்தோடு. அவர் விரலில் நெய்யும் டிக்கெட் மையும் சேர்ந்து ஒரு வாசம் இருக்கும். அப்படியே விழுங்கிவிட்டுத் தூங்கிவிடுவேன். அதோடு எனக்கு அந்த நாள் முடியும்.

அப்பா 2021 மே மாதம் போனார். முழு ஊரடங்கு. இ-பதிவு போட்டு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய பிறகுதான் இந்த டப்பா பழக்கம் வந்தது. நாலைந்து வருஷம் என்று முதலில் எழுதினேனே, எப்போது தொடங்கியது என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கணக்கு டீச்சர் நான்.

இரவுப்பணி | பிப்ரவரி 14, இரவு 10.58

அக்கா, டூட்டியில் இருக்கிறேன். படித்துவிட்டு வெளியே வராந்தாவில் வந்து நிற்கிறேன். அந்த வருஷம் முகம் பார்க்காமல் அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். காலையில் எழுதுகிறேன்.

தேத்தண்ணி | பிப்ரவரி 15, காலை 8.12

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கட பதிவை இரண்டு தரம் வாசித்தேன்.

என்ர அம்மம்மா பின்னேரத்தில் சீனி போடாத தேத்தண்ணிதான் தருவா. உள்ளங்கையில் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி, நீங்கள் சொல்லும் கருப்பட்டி, வைப்பா. ஒரு கடி, ஒரு மிடறு. அந்தத் துண்டு முடிந்தால் அவ்வளவுதான், இன்னொன்று கிடையாது. அம்மம்மா போன பிறகு நான் கொழும்பில் வேலைக்கு வந்து பால் தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன். திருப்தியே வரவில்லை. ஒரு நாள் பனங்கட்டி வாங்கி, சின்னனாக உடைத்து, உள்ளங்கையில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். ஒரு துண்டோடு போதும் என்று இருந்தது. நர்ஸ் அக்கா சொன்னதுபோல் அதுவும் சீனிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது சீனி இல்லை, கையில் வைத்துத் தரும் ஒரு ஆள்.

கூழாங்கல் | பிப்ரவரி 15, இரவு 7.30

நெல்லைக்காரி, இதைக் கண்டுபிடித்ததாலேயே ஏக்கம் நின்றுவிடாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முதலில் கூடவும் செய்யும். வேர் தெரிந்தாலும் கைக்குப் பழக்கம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

கைக்கு: அமெரிக்காவில் ஒரு திரையரங்கில் ஒரு வாரத்துக்கு முன் பொரித்த பழைய பாப்கார்னைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வு. படம் பார்க்கும்போது பாப்கார்ன் கொறிக்கும் பழக்கமுள்ளவர்கள் பழையதையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். நீங்கள் மணலைத் தின்றது போலத்தான். ஆனால் பழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோது அந்த ஓட்டம் அறுந்தது, பழையது பழையதாகத் தெரிந்தது. நீங்கள் டப்பாவைத் திறப்பதற்கு அவ்வளவு நுணுக்கமாக ஒரு முறை வைத்திருக்கிறீர்கள். அதைக் கலையுங்கள். டப் என்று சத்தம் வரும்படி திறங்கள். விளக்கைப் போடுங்கள். ஒரு கிண்ணத்தில் எடுத்து, உட்கார்ந்து, இடது கையால் சாப்பிடுங்கள்.

மனசுக்கு: நினைக்காதே என்று தடுக்காதீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான் ஆகும். 1987-ல் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிச் சோதித்தபோதும் அதுவே நடந்தது. தொண்டை அடைக்கும்போது “அப்பா வரும் நேரம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆசை அலை மாதிரி ஏறி உச்சிக்குப் போய் இறங்கிவிடும். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணியும். அழுகை வந்தால் அழுங்கள். தாங்க முடியாமல் போனால் தனியாகச் சுமக்க வேண்டாம், நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

நேர்கோடு | பிப்ரவரி 16, காலை 5.50

தங்கச்சி, முதல் நாள் நான் எழுதியது தப்பு. மன்னிச்சுக்கோ.

2019-ல் என் அண்ணனுக்குச் சர்க்கரையால் இடது காலில் மூன்று விரல் எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது பக்கத்தில் நான்தான் நின்றேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் கடையில் டீ கையில் வாங்கினேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அதற்குப் பிறகு இனிப்பைத் தொடவில்லை. இத்தனை வருஷமாக அதை மன உறுதி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பதிவைப் படித்த பிறகுதான் அது பயம் என்று எனக்கே தெரிகிறது. இன்றைக்கும் யார் வீட்டிலாவது பாயசம் வாசம் வந்தால் எனக்கு அந்தக் கட்டுத்துணி வாசம்தான் வருகிறது.

மதுரைமல்லி | பிப்ரவரி 16, காலை 10.15

அண்ணா, அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

நேர்கோடு | பிப்ரவரி 16, பகல் 1.40

இருக்கிறார்மா. தனிச் செருப்புப் போட்டு நடக்கிறார். தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்து நான்தான் பார்த்துவிடுகிறேன்.

நெல்லைக்காரி | மார்ச் 9, இரவு 11.30

இன்றைக்கு நிறையச் சாப்பிட்டுவிட்டேன். மகள் வகுப்பில் யாரோ கொடுத்த சாக்லேட் டப்பா. பதினேழு நாள் நன்றாகப் போனது. முதல் ஒன்றைச் சாப்பிட்டதும் சரி, கெட்டது கெட்டாச்சு என்று மீதியையும் சாப்பிட்டேன். ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

கூழாங்கல் | மார்ச் 10, காலை 7.05

நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வதுதான் இது. 1970-களிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தபோது, ஷேக் குடிக்காதவர்களைவிட அவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள். முதல் சாக்லேட்டை இழுத்தது ஏக்கம். மீதியை இழுத்தது அந்த வெட்கம். நேற்று என்ன நாள், ஏதாவது நடந்ததா?

நெல்லைக்காரி | மார்ச் 10, மாலை 6.48

யோசித்துப் பார்த்தேன். நேற்று ஆண்டுத் தேர்வு வினாத்தாள் வேலை, முந்தைய ராத்திரி நாலு மணி நேரம்தான் தூக்கம். இரவுப்பணி, தூக்கம் குறைந்தாலும் இப்படி இழுக்குமா?

இரவுப்பணி | மார்ச் 10, இரவு 9.20

நிச்சயமாக இழுக்கும் அக்கா. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. நைட் டூட்டி முடித்து வெளியே வரும்போது நானே கேன்டீன் கேசரியைத் தாண்டி வரச் சிரமப்படுவேன். பரீட்சை முடியும் வரை ராத்திரி வேலையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மனசை ஆராய்வதற்கும் தூங்கின உடம்பு வேண்டும்.

நெல்லைக்காரி | ஏப்ரல் 27, இரவு 10.15

மூன்று மாதப் பரிசோதனை முடிந்தது. 5.9. நடையும் சேர்ந்ததுதான், தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். டாக்டர் சந்தோஷப்பட்டார். நோட்டை எண்ணிப் பார்த்தேன். கடைசி முப்பது ராத்திரியில் டப்பா திறந்தது நாலு ராத்திரி. சத்தமாகத்தான் திறந்தேன். ஒரு தடவை மகன் எழுந்து வந்து, “என்னம்மா, பசிக்குதா?” என்று கேட்டான். அவனிடம் தாத்தா அல்வா வாங்கி வந்த கதையைச் சொன்னேன். இதுவரை அவனுக்குச் சொன்னதே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. போன மாதம் ஒரு நாள் பதினோரு மணிக்குத் தொண்டை அடைத்தபோது, யோசிக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டேன். தூங்கிக்கொண்டிருப்பார்களே என்று கட் செய்யப் போனேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். “தூங்கலியாம்மா?” என்றேன். “இந்த நேரத்துக்கு எனக்கு எப்பவும் முழிப்புதாமுளா. முப்பது வருஷம் கதவு தெறந்த கையில்லா” என்றார்கள். கதவைத் திறந்து திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் தூங்கப் போவார்களாம். இத்தனை வருஷமாக அவர்கள் அங்கே, நான் இங்கே.

இப்போது பத்தே முக்காலுக்கு நான் கூப்பிட்டுவிடுகிறேன். பத்து நிமிஷம். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டு மாடு, தண்ணீர் வந்ததா வரவில்லையா, இதுதான்.

மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போகிறேன். நூறு கிராம் அல்வா வாங்குவேன். சூடாக, சாயங்கால வெளிச்சத்தில், அம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சரி, மணி ஆகிறது. கூப்பிட வேண்டும்.